மண்சுவரில் ஆணி நிற்கவில்லை, வாசல் நிலை ஆடுகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: பச்சைச் செங்கலை, அதாவது சூளையில் சுடாத மண்கல்லை, மண் சாந்தில் வைத்துக் கட்டிய பழைய வீடு. வாசல் நிலை ஆடுகிறது, கதவைச் சாத்தும்போதெல்லாம் பக்கத்துப் பூச்சு உதிர்கிறது. அலமாரிக்குப் போட்ட பிளாஸ்டிக் பிளக்குகள் சுவரையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டன. அந்த ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டு மறுபடி பிளக் போடலாமா? குளியலறையில் தண்ணீர் ஹீட்டரும் இதே மாதிரிச் சுவரில்தான் தொங்குகிறது. அதற்குப் பயப்பட வேண்டுமா?

சிமெண்ட் வேண்டாம், அதே பிளக்கும் வேண்டாம். ஹீட்டருக்குப் பயப்படத்தான் வேண்டும். மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியவைதான், அதுவும் பெரும்பாலும் மண், மரம், பொறுமை இவற்றை வைத்தே.

முதலில் பிளக் ஏன் பெயர்ந்தது என்று பார்த்துவிடலாம். பிளாஸ்டிக் பிளக்கும் ஆங்கர் போல்ட்டும் வேலை செய்வது ஒரே முறையில்: திருகத் திருக உள்ளே விரிந்து, ஓட்டையின் பக்கங்களை நெருக்கி, அந்த நெருக்கத்தில் பிடித்துக்கொள்ளும். கான்கிரீட் அந்த நெருக்கத்தைத் தாங்கும். பச்சைச் செங்கல் தாங்காது. நல்ல பச்சைச் செங்கல் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 முதல் 20 கிலோ வரை அழுத்தம் தாங்கும், சாதாரண கான்கிரீட் 200 கிலோவுக்கு மேல். அதுவும் மேலிருந்து கீழே அழுத்தும் கணக்கு. வெளியே இழுக்கும் விசைக்கு மண்ணிடம் ஏறக்குறைய பலமே இல்லை. ஆகவே நீங்கள் ஸ்க்ரூவை இறுக்க இறுக்க, பிளக் தன்னைச் சுற்றியுள்ள மண்ணைத் தூளாக்கிக்கொண்டே இருந்திருக்கும். கைக்கு இறுக்கமாகத் தெரிந்த நேரத்திலேயே உள்ளே பிடி போயிருக்கும். டிரில்லை ஹேமர் மோடில் வைத்துத் துளைத்திருந்தால் பாதி வேலை அப்போதே முடிந்தது: அந்த அதிர்வில் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடிவிடும்.

மண்சுவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், தன்மேல் வைத்த பாரத்தைத் தரைக்குக் கொண்டுபோவது. எதையாவது அதில் மாட்ட வேண்டுமென்றால் ஓர் இடத்தில் இறுகப் பிடிப்பதை விட்டுவிட்டு, பரந்த பரப்பில் மெதுவாகப் பிடிக்க வேண்டும். கூடியவரை பாரத்தைச் சுவருக்குக் கொடுக்காமல் தரைக்கோ விட்டத்துக்கோ கொடுத்துவிட வேண்டும். கீழே சொல்லும் எல்லா வழிகளும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

அலமாரி விழுந்ததற்குச் சுவர் மட்டும் காரணமாக இருக்காது, பிராக்கெட்டும் காரணம். ஒரு கணக்கு போடுங்கள். 30 சென்டிமீட்டர் அகலப் பலகை, மேலே 24 கிலோ சாமான் பரவலாக இருக்கிறது. பாரத்தின் மையம் சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி. பிராக்கெட்டின் உயரம் 10 சென்டிமீட்டர்தான் என்றால், மேல் ஸ்க்ரூக்களை வெளியே இழுக்கும் விசை 24-ஐ 15-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 36 கிலோ. சாமானின் எடையைவிட அதிகம்! அதே பலகைக்கு 30 சென்டிமீட்டர் உயரப் பிராக்கெட் போட்டால் இழுவிசை 12 கிலோவாக இறங்கிவிடும். மண்சுவருக்குப் பிராக்கெட் வாங்கும்போது அழகைவிட உயரத்தைப் பாருங்கள். டிவியை முன்னே இழுத்துத் திருப்பும் கை வைத்த ஸ்டாண்டு இந்தக் கணக்கில் எந்த வகையிலும் தேறாது. டிவியை மேஜைமேல் வையுங்கள்.

ஆணியைத் தொடும் முன் சுவரையும் பார்க்க வேண்டும். ஈரச் சுவரில் எந்த வித்தையும் பலிக்காது, ஏனென்றால் ஈரம் ஏறிய பச்சைச் செங்கல் தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி வையுங்கள். ஒரே சுவரில் ஓரிடம் மட்டும் சில்லென்று இருந்தால் அங்கே ஈரம் இருக்கிறது. சுவரடியில் வெள்ளை உப்புப் பூத்திருந்தாலோ, தரையோடு ஒட்டிய பகுதி அரித்து உள்வாங்கியிருந்தாலோ, ஈரம் கீழிருந்து ஏறுகிறது. கூரை ஓரத்து ஒழுகல், சுவரை ஒட்டி நிற்கும் மழைநீர், வெளியில் உயர்ந்துபோன தரைமட்டம், கசியும் குழாய் என்று காரணம் எதுவோ அதை முதலில் சரிசெய்து, சுவரைக் காயவிட்டு, பிறகுதான் மற்ற வேலை. விரிசல் இருந்தால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மயிரிழை விரிசல் மாதக்கணக்கில் அப்படியே நின்றால் அது பழைய கதை, அடைத்துவிடலாம். கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, கதவு சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக ஓடினாலோ, சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ இந்தப் பதிலை இங்கேயே மூடிவிட்டு மண் கட்டடம் தெரிந்த பொறியாளரை அழையுங்கள். அது ஆணி அடிக்கும் பிரச்சினை அல்ல.

சிமெண்ட் ஏன் கூடாது? மண் ஈரத்தை வாங்கி விட்டுக்கொண்டே இருக்கும், அதற்கேற்பக் கொஞ்சம் உப்பும், கொஞ்சம் சுருங்கும். சிமெண்ட் அப்படி அசையாது. ஓட்டைக்குள் வைத்த சிமெண்ட் உருண்டை கல்லாக இறுகி, சுற்றியுள்ள மண்ணிலிருந்து பிரிந்து, தனிக் கட்டியாக உட்கார்ந்துவிடும். அதில் பிளக் போட்டு இழுத்தால் பிளக்கோடு கட்டியும் சேர்ந்து வரும், இந்த முறை முஷ்டி அளவு ஓட்டையோடு. சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசினால் நிலைமை இன்னும் மோசம். பூச்சுக்குப் பின்னால் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கி மண்ணைக் கரைக்கும். வெளியே பார்த்தால் பூச்சு திடமாக இருக்கும், தட்டினால் டப்பென்று வெற்றொலி வரும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ராஞ்சோஸ் டி தாவோஸ் என்ற ஊரின் பழைய மண் தேவாலயத்துக்கு 1960-களில் சிமெண்ட் பூசிப் பார்த்தார்கள். உள்ளே ஈரம் தங்கிச் சுவர் கெட்டதைக் கண்டு 1979-ல் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டு மண் பூச்சுக்கே திரும்பினார்கள். ஓட்டைக்குள் நுரை அடிப்பதும், ரெசின் என்னும் இறுகும் பசையை ஊற்றி ஸ்க்ரூ பதிப்பதும் எனக்குச் சிமெண்டின் தம்பிகளாகவே படுகின்றன. ரெசின் தூசியில் ஒட்டாது. ஒட்டினாலும் மெத்தென்ற சுவரில் ஒரு கெட்டிக் கட்டியைத்தான் உண்டாக்கும், பிற்பாடு கழற்றவும் வராது.

இப்போது இருக்கும் ஓட்டைகளை மண்ணாலேயே அடைக்கலாம். சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்த மண்ணைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதைவிடப் பொருத்தமான மண் வேறெங்கும் கிடைக்காது. அதை உடைத்துச் சலித்து, தண்ணீர் விட்டு, ஒரு நாளாவது ஊறப் போடுங்கள். அப்படியே வைத்தால் காயும்போது சுருங்கி ஓரமெல்லாம் விரியும். அதனால் கரடான மணலும், விரல்கணு அளவுக்கு நறுக்கிய வைக்கோலும் சேர்க்க வேண்டும். எவ்வளவு என்பது உங்கள் மண்ணில் களி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு மணல் என்று மூன்று விதமாகப் பிசைந்து, சுவரின் மறைவான இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அப்பி வையுங்கள். காய்ந்தபின் வெடித்தது களி அதிகமானது, விரலால் தேய்த்தால் உதிர்வது மணல் அதிகமானது. இரண்டும் இல்லாததுதான் உங்கள் கலவை.

அடைக்கும் முறையில் பலர் கோட்டை விடுவது தூசியில். ஓட்டைக்குள் தளர்ந்திருப்பதையெல்லாம் சுரண்டி எடுங்கள். வாய் சிறியதாகவும் உள்பக்கம் அகலமாகவும் இருக்கும்படி சுரண்டினால் அடைத்தது வெளியே வராது. பிரஷ்ஷால் துடைத்து, மிச்சத் தூசியை ஊதித் தள்ளிவிட்டு, பூத்தெளிப்பான் போல் மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் வழியக்கூடாது, மண் நிறம் கறுத்தால் போதும். கூழ் மாதிரி கரைத்த மண் குழம்பை உள்ளே தடவி, அது காயும் முன் கலவையை வைத்து அழுத்துங்கள். ஆழம் அதிகமென்றால் ஒரே தடவையில் நிரப்பாதீர்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் வைத்து, கீறிவிட்டு, காயவிட்டு, அடுத்த அடுக்கு. நடுவில் ஓட்டுச் சில்லுகளையோ சிறு கற்களையோ திணித்தால் கலவை குறைவாகச் செலவாகும், சுருக்கமும் குறையும். சுவரில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் மேல் அடுக்கைச் சுண்ணாம்பிலேயே முடியுங்கள். சுண்ணாம்பைத் தொடும்போது கையுறை, கண்ணாடி கட்டாயம். கண்ணில் பட்டால் விளையாட்டில்லை.

இனி மாட்டுவது. படம், நாட்காட்டி, சின்னக் கடிகாரம் மாதிரி இரண்டு கிலோவுக்கு உட்பட்டவற்றுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. 12 முதல் 15 சென்டிமீட்டர் நீள ஆணியை, நுனி சற்றுக் கீழே சாய்ந்து போகும்படி, கல்லுக்குள் அடியுங்கள். சாந்து இணைப்பில் அடிக்காதீர்கள். முதலில் ஆணியைவிட மெல்லிய ஓட்டை போட்டுக்கொண்டால் கல் வெடிக்காது. டிரில்லில் ஹேமரை அணைத்துவிட்டு, வெறும் சுழற்சியில், மெதுவாக. மரம் துளைக்கும் பிட்டே போதும், மண்தானே.

அதற்கு மேல் எடை போனால் மரமுளை. உலர்ந்த கெட்டி மரத்தில் 15 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சதுர முளை சீவிக்கொள்ளுங்கள், நுனி பக்கம் லேசாகக் குறுகி இருக்கட்டும். சுவரில் அதைவிடக் கொஞ்சம் சிறிய வட்ட ஓட்டை. சதுர முளையை வட்ட ஓட்டையில் இறக்கும்போது நான்கு முனைகள் மட்டும் மண்ணைக் கீறிக்கொண்டு போய் உட்காரும். முளை சுழலாது, சுற்றிலும் மண்ணை நசுக்கவும் செய்யாது. சுத்தியலால் ஓங்கி அடிக்காமல், இடையில் ஒரு கட்டையைக் கொடுத்துத் தட்டித் தட்டி இறக்குங்கள். பிறகு முளையின் நடுவில் மெல்லிய ஓட்டை போட்டு ஸ்க்ரூவை ஏற்றுங்கள். ஓட்டை போடாமல் ஏற்றினால் முளை பிளந்து ஆப்பு மாதிரி விரியும், பழைய பிளக்கின் கதைதான் மறுபடி நடக்கும். கதவு சன்னலின் ஓரத்திலிருந்து ஒரு கல் நீளமாவது தள்ளித்தான் எந்த ஓட்டையும். திரைச்சீலைக் கம்பிக்குச் சுவரையே தொட வேண்டாம். பழைய வீடுகளில் சன்னலுக்கு மேலே பெரும்பாலும் மர உத்தரம் இருக்கும், தட்டிப் பார்த்தால் ஒலி மாறுவதில் தெரிந்துவிடும். நேராக அதிலேயே ஸ்க்ரூ போடலாம்.

உங்கள் அலமாரிக்கு இரண்டு வழி. எனக்குப் பிடித்தது முதல் வழி: பலகைகளுக்கு இருபுறமும் தரையில் நிற்கும் சட்டங்களைக் கொடுத்துவிடுங்கள். எடை முழுவதும் தரைக்குப் போய்விடும், சுவரில் போடும் ஒன்றிரண்டு முளைகள் அலமாரி முன்னால் சாயாமல் பிடித்தால் போதும். முளைகூட வலிமையாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாம் வழி, தரையில் கால் ஊன்றவே முடியாத இடத்துக்கு: சுவருக்குள் மரக்கட்டை பதிப்பது.

கட்டை பதிப்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாசல் நிலைக்கும் இதேதான். ஒரு கல்லின் பாதி நீளமும் ஒரு கல்லின் கனமும் உள்ள கட்டை எடுங்கள். முன்முகத்தைவிடப் பின்முகம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமாக இருக்கும்படி பக்கங்களைச் சாய்வாகச் செதுக்குங்கள், அப்போதுதான் இழுத்தால் மண்ணில் முட்டி நிற்கும். மரம் நன்றாக உலர்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை மரம் சுவருக்குள் காய்ந்து சுருங்கி ஆடத் தொடங்கிவிடும். உலர்ந்த மரத்திலும் ஒரு சிக்கல்: ஈரக் கலவை பட்டதும் நீர் குடித்து உப்பும், பிறகு சுருங்கும். அதைத் தடுக்கக் கட்டைக்குச் சூடான ஆளி எண்ணெயோ தாரோ பூசுங்கள். பூசினால் மண் ஒட்டாதே என்பீர்கள். ஒட்ட வேண்டாம், பற்றிக்கொண்டால் போதும். முன்முகம் தவிர மற்றப் பக்கங்களில் ஆணிகளைப் பாதி மட்டும் அடித்து, தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். பலாக்காய் மாதிரி இருக்கும், மண் அந்தத் தலைகளைச் சுற்றி இறுகிக்கொள்ளும். இந்த வேலைகள் முடிந்தபின்தான் சுவரைத் தோண்ட வேண்டும், தோண்டிவிட்டுக் கட்டையைத் தேடக்கூடாது.

குழியை உளியாலும் பழைய ஸ்க்ரூடிரைவராலும் கையாலேயே தோண்டுங்கள். சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகாதீர்கள். கட்டையின் பின்முகம் நுழையுமளவு வாய் இருக்கட்டும், உள்ளே இன்னும் கொஞ்சம் அகலம். தூசி தட்டி, தண்ணீர் தெளித்து, மண் குழம்பு தடவி, அடியில் கலவைப் படுக்கை போட்டுக் கட்டையை வைத்து, நான்கு பக்கமும் கலவையைச் சிறு குச்சியால் குத்திக் குத்தி நிரப்புங்கள். கலவை கெட்டியாக, உருண்டை பிடித்தால் விரல் தடம் பதியும் பதத்தில் இருந்தால் சுருக்கம் குறைவு. கடைசியில் ஓட்டுச் சில்லுகளை ஆப்பாக நெருக்கி அடித்துவிட்டால் கட்டை அசையாது. பிறகு காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் சாதாரணம், ஈரக் காலத்தில் இன்னும் கூடும். சுற்றியுள்ள பழைய சுவரையும் புதுக் கலவையையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வெப்பத்தில் இருந்தால்தான் காய்ந்திருக்கிறது. அதற்கு முன் ஸ்க்ரூ ஏற்றுவது செய்ததைக் கெடுப்பதுதான்.

மரத்தை மண்ணுக்குள் ஆழப் பதித்தால் நிற்குமா என்று சந்தேகப்படுபவர்கள் மாலி நாட்டின் ஜென்னே மசூதியின் படத்தைப் பார்க்கலாம். இன்றுள்ள கட்டடம் 1907-ல் எழுந்தது. சுவரிலிருந்து கற்றை கற்றையாகப் பனைக் கழிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சுவருக்குப் புது மண் பூசும்போது ஆட்கள் அவற்றின் மேல் ஏறி நின்றுதான் பூசுகிறார்கள்.

வாசல் நிலைக்கு வருவோம். நிலை ஆடுவது தானாக நிற்காது. ஆடும் ஒவ்வொரு முறையும் சுவர் கொஞ்சம் அரைபடுகிறது, இடைவெளி கூடுகிறது, ஆட்டம் இன்னும் பெரிதாகிறது. முதலில் தூக்குக்குண்டு பிடித்து நிலை செங்குத்தாக இருக்கிறதா பாருங்கள். மேல் சுவரின் பாரம் உத்தரத்தின் மேல் இருக்கிறதா, அல்லது உத்தரம் வளைந்து நிலையின் தலையில் உட்கார்ந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். பின்னது என்றால், முட்டுக்கொடுக்காமல் நிலையைத் தொடக்கூடாது, அந்த வேலைக்குக் கொத்தனார் வேண்டும். உத்தரம் நன்றாக இருந்தால் நீங்களும் ஒரு துணையாளுமே செய்துவிடலாம்.

கதவைக் கீலிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள். நிலையின் இருபுறமும் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்தால் பழைய பிடிமானம் என்ன கதியில் இருக்கிறது என்று தெரியும். இரும்புப் பட்டை துருப்பிடித்து அற்றிருக்கலாம், மரக்கட்டையைக் கரையான் தின்றிருக்கலாம், பல வீடுகளில் எதுவுமே இருக்காது, வெறும் சாந்துதான். ஒரு பக்கத்துக்கு மூன்று கட்டைகள் பதியுங்கள்: கீழ்க் கீலின் நேரே ஒன்று, மேல் கீலின் நேரே ஒன்று, நடுவில் ஒன்று. பூட்டு இருக்கும் பக்கத்தில் நடுக்கட்டை தாழ்ப்பாளுக்கு நேராக வர வேண்டும், இழுபடுவதும் இடிபடுவதும் அங்கேதான். எல்லாக் குழியையும் ஒரே நாளில் தோண்டாதீர்கள். ஒன்றைத் தோண்டிப் பதித்து, அது ஓரளவு இறுகியபின் அடுத்தது. இந்த நாள்களில் நிலை அசையாமல் குறுக்குச் சட்டம் அடித்து வையுங்கள். கட்டைகள் காய்ந்ததும், நிலைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் எதிரெதிராக இரண்டு மர ஆப்புகளை இறக்கி, ரசமட்டம் பார்த்து நேராக்கி, நிலை வழியாக நீளமான ஸ்க்ரூவை ஆப்பையும் ஊடுருவிக் கட்டைக்குள் ஏற்றுங்கள். மிச்ச இடைவெளியில் நார் கலந்த சுண்ணாம்புச் சாந்து. சிமெண்ட் இங்கேயும் வேண்டாம், நிலை கொஞ்சமாவது மூச்சுவிட வேண்டும்.

கதவு கனமான ஒற்றைப் பலகை மரம் என்றால் கட்டையை மட்டும் நம்பாதீர்கள். கீல் பக்கத்தில் தரையிலிருந்து உத்தரம் வரை ஒரு தடித்த சட்டத்தை நிறுத்தி, கீழே தரையிலும் மேலே உத்தரத்திலும் பூட்டி, கதவை அந்தச் சட்டத்திலேயே தொங்கவிடலாம். அப்போது கதவின் எடையைச் சுவர் சுமக்காது. இரண்டாவது, மலிவான வேலை: கதவு முட்டுமிடத்தில் ரப்பர், தரையில் ஒரு தடுப்பு, காற்றுக்கு அறையாமல் ஒரு கொக்கி. மண்சுவர் வீட்டில் நிலையைக் கெடுப்பது கதவின் எடையைவிட அது அறையும் அறைதான்.

கனமான எதையாவது சுவரில்தான் மாட்டியாக வேண்டும், சுவரின் மறுபக்கமும் உங்கள் வீடுதான் என்றால் ஊடு போல்ட் இருக்கிறது. 10 அல்லது 12 மில்லிமீட்டர் மரைக்கம்பியைச் சுவர் முழுக்க ஊடுருவச் செய்து, மறுபக்கம் தகடு வைத்து நட் போடுவது. இங்கே வாஷரின் அளவுதான் எல்லாம். சாதாரண வாஷரின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர்கூட இராது, சுமார் 40 கிலோ இழுத்தாலே மண்ணுக்குள் புதைய ஆரம்பித்துவிடும். 10-க்கு 10 சென்டிமீட்டர் இரும்புத் தகடு என்றால் 100 சதுர சென்டிமீட்டர், இருபத்தைந்து மடங்கு. தகட்டுக்கு அடியில் ஒரு மரப்பலகையும் இருந்தால் இன்னும் நல்லது. நட்டை ஸ்பானரால் முறுக்கித் தள்ளாதீர்கள், தகடு சுவரில் பதிந்ததும் நிறுத்துங்கள். கொஞ்ச நாள் கழித்து லேசாகத் தளர்ந்திருக்கும், அப்போது ஒரு சுற்று. சன்னலில் திருட்டுக்குப் பயந்து கம்பி போடுபவர்களுக்கும் இதுவே வழி. கம்பிச் சட்டத்தைச் சுவர் முகத்தில் ஸ்க்ரூவால் நிறுத்தினால் கடப்பாரைக்கு ஒரு நிமிஷ வேலை.

மின்சாரப் பொருள்களில் சுவிட்சைவிடப் பிளக் பாயிண்ட்தான் முதலில் ஆடும், தினமும் இழுபடுவது அதுதான். பெட்டியைச் சுவரில் நேராகப் பதிக்காமல், நான்கு முளைகளில் நிறுத்திய ஒரு பலகைமேல் பெட்டியை ஏற்றுங்கள். வயர்களைக் குழாயில் விட்டுச் சுவருக்கு மேலேயே ஓட்டுங்கள். சுவரை வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் மேலிருந்து கீழாக மட்டும். நீளமாகக் குறுக்கே வெட்டிய காடி மண்சுவரை இரண்டாக மடிக்கும் கோடாகிவிடும். எந்த ஓட்டைக்கும் முன் மெயினை அணைத்துவிட்டு, வயர் போகும் வழி தெரிந்துகொண்டு துளையுங்கள். கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத பழைய இணைப்பென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை முதலில் போட்டுவிடுங்கள். மின்விசிறி விட்டத்தில் தொங்கட்டும், சுவர் விசிறி வேண்டாம். அதிர்வு எந்தப் பிடியையும் தளர்த்திவிடும். ஏசியின் வெளி யூனிட்டும் அதே காரணத்துக்காகத் தரையில் தனி மேடைமேல்.

கரையான் பற்றி ஒரு வார்த்தை. மண்ணும் மரமும் சேர்ந்த இடம் அதற்குச் சொர்க்கம். பதிக்கும் ஒவ்வொரு முளையையும் கட்டையையும் எண்ணெய் பூசும் முன் போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்துங்கள். வரிசை மாறினால் எண்ணெய்க்கு மேல் கரைசல் இறங்காது. அதோடு, சுவரில் பென்சில் பருமனுக்கு ஓடும் மண்புற்றுக் கோடுகளைக் கண்டால் துடைத்துவிட்டுப் போகாமல் எங்கிருந்து ஏறுகிறது என்று பின்தொடருங்கள்.

வேலை முடிந்ததும் எதையும் நம்பி மாட்டாதீர்கள், இழுத்துப் பாருங்கள். கொக்கித் தராசு ஒன்றைப் பிடிமானத்தில் மாட்டி, சுவரிலிருந்து நேரே வெளியே, மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். மறைவான இடத்தில் சோதனைக்கென்றே ஒரு முளை இறக்கி, அது பெயரும் வரை இழுத்தால் உங்கள் சுவரின் எல்லை தெரிந்துவிடும். அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எந்த முளைக்கும் கொடுக்காதீர்கள். பெயர்ந்ததே 20 கிலோவில் என்றால் ஐந்து கிலோ. முன்பு பார்த்த அலமாரிக் கணக்கில் 12 கிலோ இழுவிசையை மூன்று முளைகளாவது பகிர வேண்டும் என்று அப்போது புரியும்.

நிலநடுக்கம் வரும் பகுதியென்றால் உயரமான பீரோவை மண்சுவரோடு கட்டாதீர்கள், விட்டத்தோடு கட்டுங்கள், படுக்கைக்கு மேலே எதுவும் வேண்டாம். ஈரானின் பாம் நகரம் 2003 டிசம்பரில் இடிந்ததை நினைத்தால், அத்தகைய இடத்தில் சாமானைவிடச் சுவரையும் கூரையையும் பிணைப்பதுதான் முதல் செலவு.

கடைசியாக ஹீட்டர். 25 லிட்டர் ஹீட்டரில் தண்ணீர் மட்டுமே 25 கிலோ, உடம்பையும் சேர்த்தால் 35-ஐத் தொடும். ஈரமான அறை, நீராவி, ஈரத்தில் பலமிழக்கும் சுவர், அதில் கொதிநீரும் மின்சாரமும். பிளக் பெயர்ந்தால் பீங்கான் உடைவதோடு போகாது. மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, கழற்றி இறக்குங்கள். தரையில் ஊன்றிய இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, சட்டத்தின் தலையை மட்டும் ஊடு போல்ட்டால் சுவரோடு பிணைத்தால் போதும். குழாய்களையும் சுவருக்கு வெளியே ஓட்டி, சுவரைத் தாண்டும் இடத்தில் சற்று அகலமான உறைக்குழாயை வெளிப்பக்கம் சரிவாகப் பதித்து அதற்குள் விடுங்கள். சுவருக்குள் எந்த இணைப்பும் இருக்கக்கூடாது. சுவருக்குள் ஒரு சொட்டுக் கசிவு வெளியே தெரியும்போது பின்னால் ஒரு கூடை மண் கரைந்திருக்கும். கை கழுவும் தொட்டியும் காலுள்ளதாக இருக்கட்டும். நிலை, அலமாரியெல்லாம் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு நிதானமாகச் செய்யலாம், ஹீட்டரை இந்த வாரமே இறக்கிவிடுங்கள்.